கடைசி ஆளுக்குத் தங்கம்!

உங்களுக்கு ஒரு கேள்வி.

ஒரு பந்தயம் நடக்கிறது. மொத்தம் ஐந்து பேர். நீங்கள் ஐந்தாவது ஆள். அதுவும் கொஞ்சநஞ்சம் அல்ல, ரொம்பவே பின்னால் இருக்கிறீர்கள். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து, முன்னால் போன நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு 'தடால்' என்று விழுகிறார்கள். நீங்கள் நிதானமாகப் போய்க் கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள். முதல் பரிசு யாருக்கு?

"எனக்குத்தான், இதிலென்ன சந்தேகம்?" என்று சிலர் சொல்வீர்கள். "சேச்சே, அதெல்லாம் ஜெயிச்ச மாதிரியே இல்லை" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவீர்கள்.

இது கற்பனைக் கதை இல்லை. 2002-ம் ஆண்டு பிப்ரவரி 16-ம் தேதி, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் உண்மையாகவே நடந்தது. அந்த ஐந்தாவது ஆளின் பெயர் ஸ்டீவன் பிராட்பரி. ஆஸ்திரேலியாக்காரர். 'இவ்வளவு அதிர்ஷ்டம் ஒருவருக்கு அடிக்குமா!' என்று பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது வெறும் அதிர்ஷ்டம்தானா? அவருடைய முழுக் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கத்தி மேல் ஓட்டம்

முதலில் இந்த விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். இதன் பெயர் ஷார்ட் டிராக் ஸ்பீடு ஸ்கேட்டிங்.

60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் உள்ளரங்கம். தரை முழுவதும் பனிக்கட்டி. அதன் மேல் முட்டை வடிவில் பாதை. ஒரு சுற்று 111.12 மீட்டர். 1000 மீட்டர் பந்தயம் என்றால் ஒன்பது சுற்றுகள் போக வேண்டும். எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுவார்கள்.

ஓட்டப்பந்தயத்தில் 100 மீட்டர் ஓடுபவர்களுக்கு ஆளுக்கு ஒரு தடம் கோடு போட்டுக் கொடுப்பார்கள் அல்லவா? இங்கே அதெல்லாம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பாதை. யார் முந்துகிறாரோ அவருக்கே இடம். வேகமோ மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் வளைவில் திரும்பும்போது உடம்பு கிட்டத்தட்டத் தரையோடு தரையாகச் சாய்ந்துவிடும். இடது கை விரல்களைப் பனியில் ஊன்றியபடி திரும்புவார்கள். அதனால்தான் கையுறையின் விரல்நுனிகளில் வழவழப்பான, கெட்டியான உறை மாட்டியிருப்பார்கள்.

காலில் இருக்கும் பூட்ஸின் அடியில் ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்கு எஃகுத் தகடு. கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். அதைப் பூட்ஸின் நடுவில் பொருத்தாமல், கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிப் பொருத்துவார்கள். ஏன் தெரியுமா? நடுவில் பொருத்தினால், இடதுபக்கம் சாயும்போது பூட்ஸ் பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும்!

இந்த விளையாட்டில் கடிகாரத்தோடு போட்டி இல்லை. நீங்கள் எத்தனை விநாடியில் வந்தீர்கள் என்பதை விட, யாருக்கு முன்னால் வந்தீர்கள் என்பதுதான் முக்கியம். அடுத்தவரைத் தள்ளினாலோ, குறுக்கே வந்து மறித்தாலோ நடுவர் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார். ஒருவர் தடுமாறினால் போதும், பின்னால் வருபவர்களும் சேர்ந்து சரிவார்கள். அதனால் விழாமல் நிற்பதும் இங்கே ஒரு திறமை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

வெயில் நாட்டுப் பையன்

பிராட்பரி 1973-ம் ஆண்டு அக்டோபர் 14-ம் தேதி, சிட்னி நகருக்கு அருகிலுள்ள கேம்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஆஸ்திரேலியா என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட், கங்காரு, கடற்கரை, சுள்ளென்ற வெயில். பனி விளையாட்டில் பேர் வாங்கிய நாடு அல்ல. 1936-ம் ஆண்டு முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. பல பத்தாண்டுகள் போயும் ஒரு வெண்கலம்கூடக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட நாட்டிலிருந்து 17 வயதுப் பையனாக பிராட்பரி கிளம்பினார். 1991-ம் ஆண்டு சிட்னியில் உலகச் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. அதில் 5000 மீட்டர் தொடர் பந்தயத்தில் ஆஸ்திரேலிய அணி முதலிடம் பிடித்தது. நான்கு பேர் கொண்ட அந்த அணியில் பிராட்பரியும் ஒருவர். குளிர்கால விளையாட்டு ஒன்றில் ஆஸ்திரேலியா உலகச் சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை.

நம் பள்ளிகளில் தொடர் ஓட்டத்தில் கையில் குச்சி கொடுப்போம் இல்லையா? இங்கே குச்சி கிடையாது. சுற்றை முடிப்பவர், அடுத்து ஓட வேண்டியவரைப் பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். அவர் அந்த வேகத்திலேயே பறப்பார்!

விழுந்த பாடம், நின்ற பாடம்

மறு ஆண்டு, 1992. பிரான்ஸ் நாட்டின் ஆல்பர்ட்வில் நகரில் குளிர்கால ஒலிம்பிக். அங்கேதான் முதன்முறையாக ஷார்ட் டிராக் பந்தயத்துக்கு அதிகாரப்பூர்வமாகப் பதக்கங்கள் தரப்பட்டன. உலகச் சாம்பியனான ஆஸ்திரேலிய அணிக்குப் பதக்கம் நிச்சயம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அரையிறுதியில் முந்தப்போன நேரத்தில் அணியின் வீரர் ஒருவர் சறுக்கி விழுந்தார். அவ்வளவுதான், கனவு கலைந்தது. பிராட்பரிக்கு அன்று களமிறங்கும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்து, தன் அணி விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஒலிம்பிக் 1994-ம் ஆண்டு நார்வேயின் லில்லேஹாமர் நகரில் நடந்தது. இந்த முறை ஆஸ்திரேலிய அணி ஒரு திட்டத்தோடு வந்தது. 'என்ன ஆனாலும் விழக்கூடாது. இறுதிப் போட்டியில் நான்கு அணிகள். அதில் ஒன்றை ஜெயித்தாலே பதக்கம்தான்!' நினைத்தது போலவே கனடா அணி வீரர் விழுந்தார். ஆஸ்திரேலியா மூன்றாவது இடத்தில் இருந்தது. அமெரிக்காவை முந்தினால் வெள்ளி கிடைக்கும். ஆனால் ஆல்பர்ட்வில்லில் விழுந்தது மறக்குமா? ஆசையை அடக்கிக்கொண்டு நின்று முடித்தார்கள். வெண்கலம்! குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா வாங்கிய முதல் பதக்கம் அது. முதல்முதலாகக் கலந்துகொண்டு 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தனிநபர் பந்தயங்களில் மட்டும் பிராட்பரிக்கு நேரம் சரியில்லை. லில்லேஹாமர் 1000 மீட்டரில் அவர் பதக்கம் வெல்லக்கூடியவர்களில் ஒருவராகப் பேசப்பட்டார். நல்ல வேகத்தில் இருந்த காலம் அது. ஆனால் மற்றவர்கள் இடித்ததில் வாய்ப்பு போனது. 1998-ல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கிலும் மோதலில் சிக்கி வெறுங்கையோடு திரும்பினார்.

111 தையல்கள்

1994-ம் ஆண்டு இன்னொரு பெரிய சோதனை வந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் உலகக் கோப்பைப் பந்தயம். ஒரு மோதலில், இன்னொரு வீரரின் பூட்ஸ் தகடு பிராட்பரியின் வலது தொடையை ஆழமாகக் கிழித்துவிட்டது. பனித்தரை சிவந்தது. அவர் இழந்த ரத்தம் சுமார் 4 லிட்டர் என்று சொல்லப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இருப்பதே மொத்தம் 5 லிட்டர் அளவுக்குத்தான்!

கண்ணை மூடினால் பிழைக்க மாட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. மயக்கம் வராமல் இருக்கப் போராடினார். மருத்துவர்கள் 111 தையல் போட்டார்கள். காலுக்குப் பழைய பலம் திரும்ப ஒன்றரை ஆண்டுகள் ஆயின.

சரி, இத்தோடு முடிந்ததா? இல்லை. 2000-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அதே மாதத்தில்தான் சிட்னியில் கோடைக்கால ஒலிம்பிக் நடந்தது. பிராட்பரி பயிற்சியில் இருந்தார். அவருக்கு முன்னால் ஒருவர் விழ, அவரைத் தாண்டிக் குதிக்க முயன்றார் பிராட்பரி. கால் தட்டியது. தலைகுப்புறப் போய்த் தடுப்புச் சுவரில் மோதினார். கழுத்தெலும்பில் நான்காவது, ஐந்தாவது கண்ணிகள் முறிந்துவிட்டன.

தலையைச் சுற்றி ஓர் உலோக வளையம். அதை மண்டையோட்டில் திருகாணிகளால் இறுக்கி வைத்தார்கள். கழுத்தை இம்மியும் அசைக்க முடியாது. 'இனி நீங்கள் பனித்தரையில் இறங்கவே முடியாது' என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவர் இறங்கினார். இன்னொரு ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

எதிராளிக்கும் பூட்ஸ்!

கிரிக்கெட் வீரர்களைப் போல ஷார்ட் டிராக் வீரர்களுக்குக் காசு கொட்டாது. பிராட்பரி வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? நண்பர் ஒருவருடன் சேர்ந்து, பிரிஸ்பேன் நகரில் ஒரு சின்னப் பட்டறையில் ஸ்கேட்டிங் பூட்ஸ் தயாரித்து விற்றார். பயிற்சிக்குப் போய்வரும் பழைய காரைப் பழுதுபார்க்கப் பெற்றோரிடம் கடன் வாங்க வேண்டிய நிலைமை.

அந்தப் பட்டறையின் பூட்ஸைப் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் அப்போலோ ஓனோ. அன்றைக்கு இந்த விளையாட்டின் பெரிய நட்சத்திரம். 2002 ஒலிம்பிக்கில் அவர்தான் ஜெயிப்பார் என்பது பலரின் கணிப்பு. 'நீங்கள் தங்கம் வாங்கியதும் எங்கள் பூட்ஸைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்' என்று பிராட்பரி அவரிடம் கேட்டுவைத்திருந்தார். தானே ஜெயிப்போம் என்று அவர் நினைக்கவில்லை, பாருங்கள்!

ஒரே இரவில் மூன்று பந்தயங்கள்

சால்ட் லேக் சிட்டி. 1000 மீட்டர். பிராட்பரிக்கு வயது 28. களத்தில் இருந்தவர்களில் மூத்தவர் அவர். இது அவருக்கு நான்காவது ஒலிம்பிக்.

முதல் சுற்றில் நன்றாகவே ஓடி முதலிடம் பிடித்தார். கால் இறுதி, அரை இறுதி, இறுதி மூன்றும் பிப்ரவரி 16 அன்று ஒரே இரவில்.

கால் இறுதியில் ஓனோவும் கனடாவின் மார்க் கேன்யோனும் அவரோடு மோதினார்கள். இரண்டு பேருக்குத்தான் அடுத்த சுற்று. பிராட்பரி மூன்றாவது. 'முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பலாம்' என்று நினைத்தார். ஆனால் இன்னொருவரை மறித்ததற்காக நடுவர் கேன்யோனை நீக்கிவிட்டார். பிராட்பரி உள்ளே!

இப்போது அவரும் பயிற்சியாளர் ஆன் ஜாங்கும் உட்கார்ந்து யோசித்தார்கள். கால்கள் ஏற்கெனவே களைத்துவிட்டன. இளைஞர்களோடு முட்டிமோதினால் முந்தவும் முடியாது, தானும் விழ வேண்டிவரும். அதற்குப் பதில் கொஞ்சம் பின்தங்கி, மோதலில் மாட்டாமல் போனால் என்ன? முன்னால் போகிறவர்கள் அவசரப்பட்டு இடித்துக்கொண்டால் வாய்ப்பு வரலாம். எட்டு ஆண்டுகளுக்கு முன் லில்லேஹாமரில் வெண்கலம் தந்த அதே பாடம்தான் இது.

அரை இறுதியிலும் அப்படியே நடந்தது. நடப்புச் சாம்பியனான தென்கொரியாவின் கிம் டோங்-சங், சீனாவின் லி ஜியாஜுன், கனடாவின் மாத்யூ டர்காட் மூவரும் விழுந்தார்கள். கடைசியில் வந்த பிராட்பரி இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார்.

கடைசி வளைவு

இறுதிப் போட்டி. ஐந்து பேர். ஓனோ, லி ஜியாஜுன், டர்காட், தென்கொரியாவின் 16 வயது ஆன் ஹியூன்-சூ, பிராட்பரி. லி, டர்காட் இருவரும் அரை இறுதியில் விழுந்தும் வந்தது எப்படி என்கிறீர்களா? அடுத்தவர் தவறால் விழுந்தவர்களை நடுவர்கள் அடுத்த சுற்றுக்கு அனுப்ப இந்த விளையாட்டில் விதி உண்டு.

இந்த நால்வரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஓனோ தன் வாழ்நாளில் மொத்தம் எட்டு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். ஆன் பிற்காலத்தில் 2006-ல் தென்கொரியாவுக்காக மூன்று தங்கமும், 2014-ல் விக்டர் ஆன் என்ற பெயரில் ரஷ்யாவுக்காக மூன்று தங்கமும் வாங்கியவர்.

பந்தயம் தொடங்கியது. நால்வரும் ஒரு கூட்டமாகப் பறந்தார்கள். பிராட்பரி தனியாகப் பின்னால். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். இடைவெளி சுமார் 15 மீட்டர்.

கடைசி வளைவு. ஓனோவை முந்த லி வெளிப்பக்கமாக வந்தார். உரசல். லி விழுந்தார். ஆன் தடுமாறி விழுந்து, ஓனோவையும் டர்காட்டையும் வாரிக்கொண்டு போனார். நான்கு பேரும் பனியில் உருண்டு தடுப்புச் சுவர் வரை சறுக்கினார்கள்.

பிராட்பரி பார்த்தார். பாதை காலியாக இருந்தது. எல்லைக்கோட்டைத் தாண்டினார். இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் முகத்தில் சிரிப்பை விட ஆச்சரியம்தான் அதிகம்! நேரம் 1 நிமிடம் 29.109 விநாடி. விழுந்த இடத்திலிருந்து துள்ளிக் காலை நீட்டிக் கோட்டைத் தொட்ட ஓனோவுக்கு வெள்ளி. டர்காட்டுக்கு வெண்கலம்.

ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமல்ல, பூமியின் தெற்குப் பாதியில் இருக்கும் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து, குளிர்கால ஒலிம்பிக்கின் முதல் தங்கப் பதக்கம் அதுதான்!

தகுதியா, அதிர்ஷ்டமா?

'இவருக்கு இந்தப் பதக்கம் தகுமா?' என்று பலரும் கேட்டார்கள். பிராட்பரி மழுப்பவில்லை. அங்கே இருந்தவர்களில் தான் வேகமானவன் அல்ல என்று அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த ஒன்றரை நிமிடப் பந்தயத்துக்காக இந்தப் பதக்கத்தை ஏற்கவில்லை, அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாகப் பட்ட பாட்டுக்காக ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் வேகமாக இருந்த நாட்களில் அடுத்தவர்களின் மோதல் அவருடைய வாய்ப்பைப் பறித்தது. அப்போது யாரும் 'ஐயோ, அநியாயம்!' என்று பதக்கத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. வேகம் குறைந்த நாளில் அதே மோதல் தங்கத்தைக் கொடுத்தது. தொடை கிழிந்தபோதோ, கழுத்து முறிந்தபோதோ அவர் விளையாட்டை விட்டுப் போயிருந்தால், அந்தக் கடைசி வளைவில் ஐந்தாவது ஆளாக அவர் இருந்திருக்கவே மாட்டார். நான்கு பேர் விழுந்தது அதிர்ஷ்டம். ஐந்தாவது ஆள் அங்கே இருந்தது அதிர்ஷ்டம் இல்லை.

ஊர் திரும்பியவருக்கு ஏக வரவேற்பு. ஆஸ்திரேலிய அஞ்சல் துறை அவர் படம் போட்ட 45 சென்ட் தபால்தலை வெளியிட்டது. யாராவது எதிர்பாராமல் ஜெயித்தால் 'பிராட்பரி மாதிரி செய்துவிட்டான்' என்று சொல்வது அந்த நாட்டில் ஒரு வழக்காகவே ஆகிவிட்டது.

அலைக்கு நடுவே

கதை இன்னும் முடியவில்லை. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கலவுண்ட்ரா என்ற ஊரின் கடற்கரை. பிராட்பரி தன் மகனுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது டீன்ஏஜ் பெண்கள் நான்கு பேர் கடலின் இழுப்பில் மாட்டிக்கொண்டு தத்தளித்தார்கள். மகனை உயிர்காப்பாளர்களை அழைத்துவர அனுப்பிவிட்டு, பலகையோடு அலைக்குள் பாய்ந்தார் பிராட்பரி. நான்கு பேரும் பிழைத்தார்கள். இந்த வீரச் செயலுக்காக 2023-ல் ஆஸ்திரேலிய அரசு அவருக்குப் பாராட்டு விருது அளித்தது.

பனித்தரையில் கடைசி ஆளாகக் காத்திருந்தவர், கடலில் முதல் ஆளாகக் குதித்தார். எங்கே பொறுக்க வேண்டும், எங்கே பாய வேண்டும் என்று தெரிந்தவர், இல்லையா?

சரி குட்டீஸ், இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அந்தப் பரிசு யாருக்கு? வீட்டில் அண்ணன், அக்காவிடம் இந்தக் கதையைச் சொல்லி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரு நல்ல சண்டை நிச்சயம்! அடுத்த முறை விளையாட்டு விழாவில் நீங்கள் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தால், பாதியில் நின்றுவிடாதீர்கள். கோடு வரைக்கும் ஓடிவிடுங்கள்.